அரசியலமைப்பின் பொருளாதார விதிகள்: நம் நாடாளுமன்றம் எங்கே காத்தது, எங்கே தவறியது?

உம்கேனிக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) உயர்வு வந்துபோன நாளிலிருந்தும், சொத்து எடுப்புச் சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தும் டர்பன் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு: "அரசியலமைப்பையே தூக்கி எறிந்துவிட்டார்கள்." எந்தப் பிரிவை எறிந்தார்கள், என்றைக்கு எறிந்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. இன்னொரு பக்கம், "எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது, பயப்படாதே" என்கிறவர்களும் பிரிவு எண் சொல்வதில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பில் இது முதலாளித்துவ நாடு என்றும் ஒரு வரி இல்லை, சோஷலிச நாடு என்றும் ஒரு வரி இல்லை. பொருளாதார விதிகள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. தொழில் உரிமை 22, சொத்து 25, வீடு 26. மருத்துவம், உணவு, தண்ணீர், சமூகப் பாதுகாப்பு 27. பண மசோதா 77. அரசுப் பணமும் கொள்முதலும் 213 முதல் 217 வரை. ரிசர்வ் வங்கி 223 முதல் 225 வரை.

ஆளுக்கொரு பிரிவை எடுத்துக்கொண்டு, நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பட்டதா இல்லையா என்று தேதியோடு எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

வரிக்கணக்கு:

77-ஐ நான் எடுத்துக்கொள்கிறேன்.

வரி, செலவு பற்றிய மசோதாவை நிதியமைச்சர் மட்டுமே கொண்டுவரலாம். ஆனால் அதைத் திருத்த ஒரு நடைமுறைச் சட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று 77(3) கட்டளையிடுகிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1997 பிப்ரவரி 4. அந்த நடைமுறைச் சட்டம் வந்தது 2009-ல் (2009-ன் 9-ஆம் சட்டம்). நடுவில் 12 ஆண்டுகள், பட்ஜெட்டை அப்படியே ஏற்பது அல்லது அப்படியே தள்ளுவது, இரண்டில் ஒன்றுதான். முதல் தவறு இங்கேயே இருக்கிறது. யாரும் எதையும் மீறவில்லை, செய்யச் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டார்கள். அதிகம் பேசப்படாத தவறு இது. என் பார்வையில் பெரிய தவறும் இதுதான்.

2009 சட்டத்தின் வரிசை: முதலில் நிதிக் கட்டமைப்பு, அதாவது மொத்த வருவாய், மொத்தச் செலவு, கடன். அது நிறைவேறிய பிறகு வருவாய்ப் பங்கீட்டு மசோதா (தேசம், மாகாணம், நகராட்சி). கடைசியாக ஒதுக்கீட்டு மசோதா. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. ஒதுக்கீட்டை முடிக்க அதற்குப் பிறகு நான்கு மாதம். இந்த வரிசையை மாற்ற முடியாது. வீட்டுச் செலவுக்கு மொத்தம் இவ்வளவு என்று முடிவு செய்யாமல் அரிசிக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு என்று பிரிக்க முடியாதில்லையா, அது போல.

2025-ல் நடந்தது இது. பிப்ரவரி 19-ல் பட்ஜெட் வரவேண்டும். வாட் 15-லிருந்து 17 ஆவதை அமைச்சரவையே ஒப்பவில்லை, தள்ளிப்போனது. மார்ச் 12-ல் புதிய பட்ஜெட்: மே 1-ல் அரை புள்ளி, அடுத்த ஆண்டு இன்னொரு அரை புள்ளி. ஏப்ரல் 2-ல் தேசிய அவை (கீழவை) 194-க்கு 182 என்ற வாக்கில் நிதிக் கட்டமைப்பு அறிக்கையை ஏற்றது. டிஏ (ஜனநாயகக் கூட்டணி), இஎஃப்எஃப் (பொருளாதார விடுதலைப் போராளிகள்) ஆகிய இரண்டு கட்சிகளும் கேப்டவுன் உயர் நீதிமன்றம் போயின.

அவர்கள் சுட்டிய ஓட்டையைக் கவனியுங்கள். கட்டமைப்பை ஏற்கிறோம், அல்லது இன்னின்ன விதமாகத் திருத்துகிறோம் என்று நாடாளுமன்ற நிதிக் குழு தன் அறிக்கையில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். குழுவின் அறிக்கையோ வாட்டுக்கு மாற்று வழியைக் கருவூலம் 30 நாளில் தேடட்டும் என்று ஒரு பரிந்துரையைச் சேர்த்துவிட்டு நின்றுவிட்டது. அது ஏற்பா, திருத்தமா? படித்துப் பார்த்தால் இரண்டுமில்லை. திருத்தம் என்றால் வருவாய் எண் மாறியிருக்க வேண்டும், எண் மாறவில்லை.

ஏப்ரல் 24-ல் உயர்வைக் கைவிடுவதாக அமைச்சர் அறிவித்தார். 27-ல் நீதிமன்றம், தரப்புகளின் ஒப்புதலோடு, இரு அவைகளின் ஏப்ரல் 2 முடிவுகளையும் ரத்து செய்து உயர்வையும் நிறுத்திவைத்தது. மே 21-ல் மூன்றாவது பட்ஜெட். நடுத்தர காலத்தில் சுமார் 75 பில்லியன் ராண்ட் வருவாய் போயிற்று என்று கருவூலம் சொன்னது.

கடைக்காரர்_செல்லம்:

ஒரு சின்னக் கேள்வி அண்ணே. அரை புள்ளிக்காக இவ்வளவு பெரிய வழக்கா? எங்கள் பக்கம் வாங்கும் சாமானில் பாதிக்கு வாட் கிடையாதே.

வரிக்கணக்கு:

செல்லம், நல்ல கேள்வி. வரிக்கு முன் 100 ராண்ட் உள்ள பொருள் 15-ல் 115 ராண்ட், 15.5-ல் 115 ராண்ட் 50 சென்ட். வாட் உள்ள சாமான், வரிக்கு முன் கணக்கில், மாதம் 2,000 ராண்டுக்கு வாங்கும் வீட்டுக்கு மாதம் 10 ராண்ட் கூடும்.

அரிசி, காய்ந்த பருப்பு வகைகள், பீன்ஸ், சோள மாவு, பழுப்பு ரொட்டி, முட்டை, பால், தாவர எண்ணெய், பச்சைக் காய்கறி எல்லாம் பூஜ்ய விகிதம். உடைத்த பருப்பும் தோல் நீக்கிய பருப்பும் அதில் அடங்கும். அதற்கு மேல் பக்குவம் செய்துவிட்டால் பட்டியலை விட்டு வெளியே போய்விடும். மசாலாத் தூளுக்கு முழு 15. மார்ச் பட்ஜெட்டில் டின் காய்கறியையும் சில உறுப்பு இறைச்சிகளையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் திட்டம் இருந்தது. உயர்வு போனதும் அந்தச் சலுகையும் சேர்ந்து போனது. இதை யாரும் பேசவில்லை.

வழக்கு அரை புள்ளிக்காக இல்லை. வாட் சட்டத்தின் (1991-ன் 89) பிரிவு 7(4)-ன்படி அமைச்சர் பட்ஜெட்டில் விகித மாற்றத்தை அறிவித்தால் அவர் சொன்ன நாளிலிருந்தே அது அமலாகும். 12 மாதத்துக்குள் நாடாளுமன்றம் சட்டம் இயற்றாவிட்டால் அறிவிப்பு காலாவதி. வரி விதிப்பது மக்கள் பிரதிநிதிகளின் வேலை என்ற கொள்கைக்கு இந்த முன்-அமல் பொருந்துமா என்பதுதான் டிஏ எழுப்பிய பெரிய கேள்வி.

அதற்கு எதிர்வாதமும் உண்டு. உயர்வை முன்கூட்டியே சொல்லிவிட்டு ஆறு மாதம் விவாதித்தால் எல்லோரும் பெரிய சாமான்களை முன்னாலேயே வாங்கிக் குவிப்பார்கள், விற்பவர் ரசீதை முன்தேதியிடுவார். அதற்காகத்தான் பல நாடுகளில் இப்படி அமைக்கிறார்கள். என் கருத்து: விகிதம் உடனே அமலாகட்டும், ஆனால் 12 மாதம் மிக நீளம். நிதிக் கட்டமைப்பு வாக்கெடுப்போடு சேர்த்தே முடிக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அக்கா:

பட்ஜெட் இப்படி இழுத்தால் சம்பளமும் ஓய்வூதியமும் நின்றுவிடாதா என்று பலர் பயந்தார்கள். நிற்காது. அரசு நிதி மேலாண்மைச் சட்டம் (1999-ன் 1) பிரிவு 29-ல் வழி இருக்கிறது. ஒதுக்கீட்டுச் சட்டம் வரும்வரை முதல் நான்கு மாதத்தில் முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டின் 45 சதவீதம் வரை, அதற்குப் பிறகு மாதம் 10 சதவீதம் வரை செலவிடலாம். மொத்தம் போன ஆண்டுத் தொகையைத் தாண்டக் கூடாது. சிக்கல் எங்கே வரும் என்றால், போன ஆண்டு இல்லாத புதுத் திட்டங்களில். புது மருத்துவர் பணியிடங்கள், புதுப் பள்ளிக் கட்டடம் எல்லாம் காத்துக் கிடக்கும்.

2024 தேர்தலுக்குப் பிறகு ஏஎன்சி-க்கு (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 400-ல் 159 இடம்தான். அதனால்தான் இந்த நடைமுறைச் சட்டத்துக்கு உயிர் வந்தது. 2009 முதல் ஏட்டில் இருந்த அதிகாரம் அது.

மேயவயல்:

25-ஐ எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

25(1): பொதுவாகப் பொருந்தும் சட்டம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது, எந்தச் சட்டமும் மனம்போன பறிப்பை அனுமதிக்கக் கூடாது. 25(2): பொது நோக்கம் அல்லது பொது நலன், கூடவே இழப்பீடு. 25(3): இழப்பீடு நியாயமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். அதை எடைபோட ஐந்து அம்சங்கள்: இப்போதைய பயன்பாடு, சொத்து கைக்கு வந்த வரலாறு, சந்தை மதிப்பு, அரசு போட்ட நேரடி முதலீடும் மானியமும், எடுப்பதன் நோக்கம். சந்தை மதிப்பு ஐந்தில் ஒன்று. பேச்சில் மட்டும் அது ஒன்றே ஒன்றாகிவிட்டது.

25(7)-ஐயும் நம்மவர்கள் படிக்க வேண்டும். 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் சொத்தை இழந்தவருக்கு மீட்பு அல்லது நியாயமான ஈடு உண்டு. 1950-ன் குழுப் பகுதிகள் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து செட்ஸ்வர்த்துக்குத் தள்ளப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் இந்த உட்பிரிவுக்குள்தான் வருகின்றன. ஆக, 25 சொத்து வைத்திருப்பவருக்கு மட்டுமான காவல் என்று வாதிடுகிறவர்கள் தம் தாத்தாவின் மாந்தோப்புக்கு ஈடு கேட்ட உரிமையும் அதே பிரிவிலிருந்து வந்தது என்பதை மறக்கிறார்கள்.

நாடாளுமன்றம் என்ன செய்தது? முதலில் 25-ஐயே திருத்தப் பார்த்தது. உரிமைகள் அத்தியாயத்தைத் திருத்த தேசிய அவையில் மூன்றில் இரண்டு, அதாவது 267 வாக்கு வேண்டும், மாகாணப் பேரவையில் (மாகாணங்கள் சார்பான மேலவை) ஆறு மாகாணம் வேண்டும். 2021 டிசம்பர் 7-ல் ஆதரவு 204, எதிர்ப்பு 145. தோற்றது. அங்கே விதி காப்பாற்றப்பட்டது.

பிறகு வந்தது சொத்து எடுப்புச் சட்டம், 2024-ன் 13. 2025 ஜனவரி 23-ல் ஜனாதிபதி கையெழுத்திட்டதாக அறிவிப்பு. 1975-ன் 63-ஆம் சட்டத்துக்குப் பதிலாக எழுதப்பட்டது. பிரிவு 12(3)-ல் பொது நலனுக்காக எடுக்கும் நிலத்துக்குச் சில சூழல்களில் பூஜ்ய இழப்பீடு நியாயமாக இருக்கலாம் என்கிறது: பயன்படுத்தாமல் விலை ஏறட்டும் என்று மட்டும் வைத்திருக்கும் நிலம், கட்டுப்படுத்த வசதியிருந்தும் கைவிட்ட நிலம், அரசு போட்ட பணமே சந்தை மதிப்புக்குச் சமமாகவோ மேலாகவோ உள்ள நிலம் போன்றவை. "இருக்கலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள்.

நடைமுறையும் உண்டு. முதலில் உரிமையாளரோடு பேசி வாங்க முயல வேண்டும், அது தோற்றால்தான் எடுப்பு. பிறகு எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் அறிவிப்பு, மறுப்புச் சொல்ல 30 நாள், அதன் பிறகே எடுப்பு அறிவிப்பு. தொகையில் தகராறு என்றால் நீதிமன்றம் முடிவு செய்யும்.

உம்கேனிக்கரை:

மேயவயல் ஐயா, இங்கே நான் உடன்படவில்லை. 267 கிடைக்காத விஷயத்தைச் சாதாரணப் பெரும்பான்மையில் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதானே உண்மை? 25(2) இழப்பீட்டுக்கு உட்பட்டு என்கிறது. பூஜ்யம் எப்படி இழப்பீடாகும்? பூஜ்யத்துக்கு அரசியலமைப்பில் திருத்தம் வேண்டும் என்று 2021-ல் அவர்களே நினைத்துத்தானே திருத்த மசோதா கொண்டுவந்தார்கள்?

மேயவயல்:

தம்பி, வாதம் வலுவானதுதான். ஆனால் தேதியைப் பாருங்கள். இந்த எடுப்பு மசோதா 2020 அக்டோபரிலேயே அவைக்கு வந்துவிட்டது. திருத்தம் தோற்றதால் பிறந்த குழந்தை இல்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடின. திருத்தத்தை ஆதரித்தவர்களிலேயே பலர், 25(3)-ல் ஏற்கெனவே உள்ளதை வெளிப்படையாக எழுதுகிறோம் என்றுதான் சொன்னார்கள்.

நீதிமன்றம் எப்படிக் கணக்குப் போடும் என்பதற்கு ம்சிசா வழக்கு இருக்கிறது. பண்ணையில் உழைத்து வாழ்ந்த குடும்பத்துக்கு நிலம் கொடுக்க வேண்டும், உரிமையாளருக்கு எவ்வளவு தருவது? சந்தை மதிப்பு 18 லட்சம் ராண்ட். நில உரிமைக் கோரல் நீதிமன்றம் 2016-ல் மற்ற அம்சங்களைப் பார்த்து 3 லட்சத்தைக் கழித்து 15 லட்சம் என்றது. 2017-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கழிவுக்கு ஆதாரம் போதாது என்று 18 லட்சத்துக்கே திருப்பியது. 3 லட்சத்தைக் கழிக்கவே இவ்வளவு காரணம் கேட்ட நீதிமன்றம், பூஜ்யத்துக்கு எவ்வளவு கேட்கும்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 12(3)-ன் பட்டியல் மூடிய பட்டியல் இல்லை, இவை உட்பட என்று திறந்திருக்கிறது. வரைவாளர் அதை மூடியிருக்க வேண்டும். அதிகாரியின் கையில் திறந்த பட்டியல் இருந்தால் சிறிய உரிமையாளர்தான் வழக்குச் செலவு செய்து அதை மூட வேண்டிவரும்.

கடைக்காரர்_செல்லம்:

வங்கிக் கடன் பாக்கி உள்ள நிலத்தை எடுத்தால்?

மேயவயல்:

25(3)-ன் ஐந்தில் கடன் இல்லை. இழப்பீட்டுப் பணத்தில் வங்கிக்கும் உரிமையாளருக்கும் எவ்வளவு என்று முதலில் அவர்கள் தமக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் நீதிமன்றம். பிடிமானமாக வைத்த நிலம் போனாலும் கடன் ஒப்பந்தம் தானாக அழியாது. இழப்பீடு கடனைவிடக் குறைந்தால் மீதி உரிமையாளர் தலையில்தான். சட்டத்தில் நான் மிகக் கவலைப்படும் இடம் இது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அக்கா:

நீங்கள் எல்லோரும் உள்ளடக்கத்தையே பார்க்கிறீர்கள். நில விஷயத்தில் நம் நாடாளுமன்றம் நீதிமன்றத்தில் பெரிதாகத் தோற்றது நடைமுறையில்தான். இரண்டு எடுத்துக்காட்டு.

டோங்கோவானே, 2010 மே 11. 2004-ன் சமூக நில உரிமைச் சட்டம் முழுவதும் செல்லாது என்றது அரசியலமைப்பு நீதிமன்றம். காரணம், முத்திரை தப்பு. மசோதா வந்தவுடன் அது பிரிவு 75-ஆ 76-ஆ என்று முத்திரை குத்துவார்கள். 75 என்றால் மாகாணப் பேரவை உறுப்பினர்கள் தனித்தனியே வாக்களிப்பார்கள், அவர்கள் மறுத்தாலும் தேசிய அவை சாதாரணப் பெரும்பான்மையில் தாண்டிவிடலாம். 76 என்றால் ஒன்பது மாகாணத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, தகராறு வந்தால் சமரசக் குழு, அதையும் தாண்ட தேசிய அவையில் மூன்றில் இரண்டு. மரபுச் சட்டத்தையும் மரபுத் தலைமையையும் கணிசமாகத் தொடும் மசோதாவுக்கு 75 குத்தினார்கள். ஆறு ஆண்டு வேலை ஒரு முத்திரையில் போயிற்று.

அடுத்தது லமோசா வழக்கு, 2016 ஜூலை 28. நில மீட்புக் கோரலுக்குக் கடைசி நாள் 1998 டிசம்பர் 31-ஓடு முடிந்திருந்தது. 2014-ன் 15-ஆம் சட்டம் அதை 2019 ஜூன் 30 வரை மறுபடி திறந்தது. நல்ல நோக்கம், நம்மவர்கள் பலர் வரிசையில் நின்றார்கள். ஆனால் 2014 மே தேர்தலுக்கு முன் முடிக்க வேண்டும் என்று மாகாணப் பேரவையும் ஒன்பது மாகாணச் சட்டமன்றங்களும் ஒரு மாதத்துக்கும் குறைவான நேரத்தில் ஓட்டின. கூட்ட அறிவிப்பு கடைசி நேரத்தில் போனது, மக்கள் சொன்னது மாகாணத்தின் நிலைப்பாட்டுக்குள் ஏறவேயில்லை. பிரிவு 72 கேட்கும் பொதுமக்கள் பங்கேற்பு இல்லை என்று சட்டம் விழுந்தது. அதற்குள் 1,60,000-க்கும் மேல் புதுக் கோரல்கள் பதிவாகியிருந்தன. 1998 கடைசிக்குள் பதிவான கோரல்கள் தீரும்வரை அவை கிடப்பில் என்று உத்தரவு. அவசரப்பட்ட சில வாரங்கள் அந்தக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கான காத்திருப்பாக முடிந்தது. இதைவிடக் கொடுமையான பொருளாதாரத் தவறை நான் பார்க்கவில்லை.

டெண்டர்_பெட்டி:

217-ஐப் பற்றி யாரும் எழுதாததால் நான். அரசுக் கொள்முதல் நியாயமாக, சமமாக, வெளிப்படையாக, போட்டியோடு, செலவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது 217(1). கடந்த காலத்தில் ஒதுக்கப்பட்டோருக்கு முன்னுரிமை தரலாம் என்பது 217(2). அதற்கான சட்டம் இருக்க வேண்டும் என்பது 217(3). அந்தச் சட்டம் 2000-ன் 5.

கணக்கு எளிது, ஆனால் டெண்டர் போடும் பாதிப் பேருக்குத் தெரியாது. 5 கோடி ராண்ட் வரை 80/20 (விலைக்கு 80 புள்ளி, முன்னுரிமைக்கு 20), அதற்கு மேல் 90/10. மிகக் குறைந்த விலை சொன்னவருக்கு விலைக்கான முழுப் புள்ளி. மற்றவருக்கு: 80 × (1 − (அவர் விலை − குறைந்த விலை) ÷ குறைந்த விலை). குறைந்த விலை 10 லட்சம், நீங்கள் 11 லட்சம் என்றால் 80 × 0.9 = 72. எட்டுப் புள்ளி பின்னால். முன்னுரிமைப் பக்கத்தில் எதிராளியைவிட எட்டுக்கு மேல் கூடுதலாக எடுத்தால் நீங்கள் வெல்லலாம். 12.5 லட்சம் சொன்னால் 20 புள்ளி போய்விடும், முன்னுரிமை முழுதும் கிடைத்தாலும் சமன்தான். ஆக 80/20-ல் அரசு கூடுதலாகக் கொடுக்கக் கூடிய எல்லை கால் பங்கு. 90/10-ல் 11 சதவீதத்தைத் தாண்டினால் முடிந்தது.

தவறு எங்கே நடந்தது? 2017 விதிமுறைகளில் அமைச்சர் ஒரு வாசற்படி போட்டார்: குறிப்பிட்ட தகுதி உள்ளவர் மட்டுமே டெண்டர் போடலாம் என்று அரசு அமைப்புகள் முன்கூட்டியே வடிகட்டலாம். வடிகட்டிய பிறகு புள்ளிக் கணக்குக்கே வேலை இல்லை. 2022 பிப்ரவரி 16-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆஃப்ரிபிசினஸ் வழக்கில் இது அமைச்சரின் அதிகாரத்தைத் தாண்டியது என்றது. முன்னுரிமைக் கொள்கையை வகுப்பது கொள்முதல் செய்யும் அமைப்பின் வேலை, அமைச்சரின் வேலை இல்லை. புது விதிமுறைகள் 2023 ஜனவரி 16-ல் அமலுக்கு வந்தன.

முன்னுரிமை கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. செய்ய வேண்டியவர் செய்யவில்லை என்றது. நாடாளுமன்றம் பிறகு தன் வேலையைச் செய்தது: 2024 ஜூலையில் கையெழுத்தான பொதுக் கொள்முதல் சட்டம் (2024-ன் 28) முன்னுரிமையையும் ஒதுக்கீட்டையும் சட்டத்துக்குள்ளேயே வைத்தது. அதன் உள்ளடக்கம் 217(1)-ன் ஐந்து சொல்லுக்கும் நிற்குமா என்பது தனி வாதம். ஆனால் இடம் சரி, சட்டமன்றத்தில் எழுத வேண்டியதைச் சட்டமன்றத்தில் எழுதியிருக்கிறார்கள்.

உம்கேனிக்கரை:

எட்டுப் புள்ளிக் கணக்குக்கு நன்றி, சேமித்துக்கொண்டேன். 27-ஐ யாராவது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அக்கா:

டர்பனில் தொடங்கிய வழக்கைச் சொன்னால் போதும். சூப்ரமணி வழக்கு (ஏட்டில் சூப்ரமோனி), 1997 நவம்பர் 27. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அரசு மருத்துவமனை டயாலிசிஸ் மறுத்தது. அங்கே 20 இயந்திரங்கள். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம், சுத்தம் செய்ய இன்னும் இரண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டினாலும் ஒரு இயந்திரம் ஒரு நாளில் நான்கு பேரைத்தான் தாங்கும். கிடைக்கும் வளத்துக்குள் படிப்படியாக நிறைவேற்று என்ற 27(2)-ஐ வைத்து அரசியலமைப்பு நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. யாருக்கு முதலில் என்று நேர்மையோடும் காரணத்தோடும் முடிவெடுத்தால் தலையிட மாட்டோம் என்றது.

2000-ல் க்ரூட்பூம் வழக்கில் அதே நீதிமன்றம் மறுபக்கம் போனது. வீட்டுத் திட்டம் இருந்தது, பணமும் இருந்தது, ஆனால் இன்றிரவு கூரை இல்லாதவருக்குத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அது 26-க்குப் பொருந்தாது. 2009-ல் மசிபுகோ: சோவேட்டோவின் பீரியில் ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசத் தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்ற கணக்கு. போதாது என்று கேட்டார்கள். அளவை நிர்ணயிப்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வேலை என்று நீதிமன்றம் விலகியது. ஒரே முற்றத்தில் மூன்று குடும்பம் குடியிருந்தால் அந்த 6,000 லிட்டர் எத்தனை நாள் வரும்? 27-ன் உண்மையான போர்க்களம் ஒதுக்கீட்டு மசோதாவின் வரிகளில் இருக்கிறது. நீதிமன்றம் திட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும், எவ்வளவு என்று எழுதித் தராது.

வரிக்கணக்கு:

ரிசர்வ் வங்கி பற்றிச் சுருக்கமாக. 224: நாணய மதிப்பைக் காப்பது முதல் நோக்கம், அதுவும் சீரான, நிலையான வளர்ச்சிக்காக. அச்சமின்றி, சார்பின்றி இயங்க வேண்டும். அதே சமயம் நிதியமைச்சரோடு முறையாகக் கலந்து பேச வேண்டும். 2017-ல் அன்றைய மக்கள் பாதுகாவலர் (அரசு முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரி), இந்த நோக்கத்தையே மாற்றும்படி நாடாளுமன்றத்துக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசியலமைப்பைத் திருத்து என்று நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்து யாரும் உத்தரவிட முடியாது. வங்கிக்குத் தனியார் பங்குதாரர்கள் இருப்பதை வைத்துப் பயமுறுத்துகிறவர்களுக்கு: 20 லட்சம் பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10 சென்ட். மொத்தம் 2,00,000 ராண்ட். வட்டி விகிதத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

கடைக்காரர்_செல்லம்:

எல்லாம் சரி. எங்களைப் போன்றவர் எங்கே கை வைக்கலாம்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_அக்கா:

மூன்று கட்டம் இருக்கிறது செல்லம்.

கடைசியிலிருந்து சொல்கிறேன். கையெழுத்தான பிறகு 30 நாளுக்குள் தேசிய அவையில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள், அதாவது 134 பேர், பிரிவு 80-ன்படி நேரே அரசியலமைப்பு நீதிமன்றம் போகலாம். அது கட்சிகளின் கையில். கையெழுத்துக்கு முன் ஜனாதிபதிக்குச் சந்தேகம் இருந்தால் 79-ன்படி மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். அப்போது காரணத்தோடு அவருக்கு மனு எழுதலாம்.

நமக்கான கட்டம் அதற்கும் முன்னால், குழுவில் இருக்கும்போது. பிரிவு 59, 72, மாகாணச் சட்டமன்றத்துக்கு 118, மூன்றும் நம்மைக் கேட்டே ஆகவேண்டும் என்கின்றன. நில மசோதா 76 முத்திரை என்றால் நம் மாகாணத்துக்கான கூட்டத்தை பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டமன்றம் நடத்தும். மனு இரண்டு பக்கம் போதும். மசோதாவின் உட்பிரிவு எண், அரசியலமைப்பின் எந்தப் பிரிவோடு மோதுகிறது, மாற்றாக எந்தச் சொற்கள் வேண்டும், வாய்மொழியாகப் பேச நேரம் தரவும் என்ற கோரிக்கை. "நாங்கள் எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதிய ஆயிரம் மனுக்களைக் குழு ஒரே வரியில் சுருக்கிவிடும். மாற்றுச் சொற்கள் உள்ள மனுவை அட்டவணையில் தனி வரியாகப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கூட்டத்துக்குப் போனால் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடாமல் திரும்பாதீர்கள். அறிவிப்பு உங்களுக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லமோசா வழக்கில் சட்டத்தை வீழ்த்தியது இப்படிப்பட்ட தேதிகள்தான்.

மேயவயல்:

அக்கா சொன்னதற்கு ஒரு மாதிரி. எடுப்பு மசோதா குழுவில் இருந்தபோது இப்படி எழுதியிருக்கலாம், இனி திருத்தச் சட்டம் வந்தாலும் பயன்படும்:

"உட்பிரிவு 12(3): சூழல்களின் பட்டியல் திறந்திருப்பது 25(1) தடுக்கும் மனம்போன பறிப்புக்கு இடம் தருகிறது. பட்டியல் முழுமையானது என்று தெளிவாக எழுதவும். உரிமையாளர் அந்த நிலத்தில் குடியிருந்தால், அல்லது நிலத்தின் மீது வாங்கிய கடன் நிலுவையில் இருந்தால், பூஜ்ய இழப்பீடு பொருந்தாது என்ற வரியைச் சேர்க்கவும்."

இதை ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் மாற்றித் தர யாராவது முன்வந்தால், இங்கேயே கீழே போடுங்கள்.